நாங்க போறோம்

நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் கெட்ட வார்த்தை இல்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது, "பரீட்சை முடிஞ்சதும் நாங்க கோட்டை பார்க்கப் போறோம்" என்றேன். 'நாம' என்று வரவேண்டிய இடத்தில் 'நாங்க' வந்து விழுந்துவிட்டது. எத்தனையோ மொழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாதாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நமக்குத்தான் வாயைத் திறந்ததும் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்து தொலைக்கிறது.

மேசையில் ஐந்து பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், பெண், பையன், அப்புறம் அண்ணி. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். என் பெண் பிறந்து, நான் திரும்ப வேலைக்குப் போக வழி தெரியாமல் தவித்தபோது, "கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கறேன்" என்று ஒரே ஒரு பையோடு வந்தார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. காலையில் ஒரு பேக்கரியில் நின்று ரொட்டி வெட்டிக் கட்டிக் கொடுப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டில் இருப்பார். அவர் இல்லையென்றால் நான் வேலையை எப்போதோ விட்டிருப்பேன். இதை நான் ஊரில் எல்லாரிடமும் சொல்வேன். அவரிடம் மட்டும் சொன்னதில்லை.

பெண்ணை வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். நாலாவது படிக்கிறாள், யார் என்ன சொன்னாலும் குறுக்கு விசாரணை. பையன் பெயர் வாலு. அதற்கு விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு வக்கீல் வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை. "நாங்க இல்லம்மா, நாம. அத்தையும் வர்றாங்கல்ல? அப்போ நாமன்னுதான் சொல்லணும்" என்றாள். அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்திருக்கிறது. படித்ததை உடனே என் தலையில் கொட்டினாள்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார். நான் திருத்தியிருக்கலாம். ஆமாண்டி, வாய் தவறிடுச்சு என்று சிரித்திருந்தால் விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் வாய் ஒன்றும் தவறவில்லையே. ரயிலில் நாலு சீட்டு போட்டாகிவிட்டது. அந்த ஊரில் நாலு பேர் படுக்கிற ரூம் ஒன்றும் சொல்லி வைத்தாகிவிட்டது. நானும் அவரும் தனியாகப் பேசும்போதெல்லாம் நாலு, நாலு என்றே பேசிப் பழகியிருந்தோம். அண்ணியிடம் சொல்ல ஒரு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன். சமயம் வருவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. வக்கீலின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே, "உங்கம்மா சரியாத்தான் சொல்றா. அத்தைக்குக் கடையில லீவு கிடையாது. நான்தான் அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டேனே" என்றார்.

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. கோட்டைக்குப் போவதைப் பற்றி எங்கள் இருவருக்குள் ஒரு பேச்சும் நடக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் என் மானம் போகக்கூடாதென்று உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன். அதற்கும் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வாலுவுக்குப் பல் ஆடினால் அத்தை. வக்கீலுடன் தோழி பேசவில்லையென்றால் அத்தை. நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய சேதியெல்லாம் அத்தையிடம் சொல்லித் தீர்ந்திருக்கும். இன்னைக்கு என்னடா நடந்தது என்று நான் கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா" என்பதுதான் எனக்கு மிச்சம். மூன்று நாள், மூன்றே மூன்று நாள், என் பிள்ளைகளுக்கு நான் மட்டும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பசித்தால் என்னிடம் வரவேண்டும், கால் வலித்தால் என்னிடம் வரவேண்டும், தூக்கம் வந்தால் என் தோளில் சாய வேண்டும். பெற்றவள் இதுகூட ஆசைப்படக் கூடாதா என்று எனக்கு நானே சண்டை போட்டுப் பார்த்தேன். அண்ணி துவைத்து மடித்து வைத்த துணியை அலமாரியில் அடுக்கும்போது அந்தச் சண்டையில் நானே தோற்றேன்.

போதாக்குறைக்கு அந்தக் கோட்டையை வீட்டுக்குள் கொண்டுவந்ததே அண்ணிதான். வக்கீலின் பாடத்தில் அந்த ஊர் வந்தது. படித்தால் மண்டையில் ஏறவில்லை என்று அழுதாள். மறுநாள் அண்ணி பேக்கரியில் மிஞ்சிய அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்தார். கூடத்தில் மதில் எழும்பியது, காவல் கோபுரம் எழும்பியது, நீலப் போர்வை அகழியானது. வக்கீல் ராணி, வாலு குதிரை, அண்ணி தளபதி. நான் வேலையிலிருந்து வந்தால் என்னை எதிரி நாட்டுக்காரி என்று வாசலிலேயே தடுத்து நிறுத்துவார்கள். விளையாட்டுக்குத்தான். இருந்தாலும் சுருக்கென்று இருக்கும். நிஜக் கோட்டைக்குப் போகலாம் என்ற எண்ணமே அதைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. இப்போது தளபதிக்கு லீவு இல்லை என்றதும் வாலு விடவில்லை. தளபதி இல்லாமல் கோட்டைக்குப் போனால் யார் கதவைத் திறப்பார்கள் என்று நாளுக்கு நாலு தடவை கேட்டான்.

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியில் நின்று தைரியம் சொல்லி, கதவைத் திறந்து, கைகொடுத்து இறக்குகிற மனிதர். வீட்டில் அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டினால் அந்தத் தைரியமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. அக்காவிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றேன். "நீ ஆரம்பிச்சே, நீயே முடி" என்று துணி மாற்றப் போய்விட்டார். நாலு சீட்டு போடும்போது மட்டும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டவில்லையா என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தார். கோபம் கோபமாக வந்தது. அவர்மேல் கோபப்பட்டால் கொஞ்ச நேரமாவது என்னை நானே திட்டாமல் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

நான் வேலை செய்வது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். ஃப்ரேமை வளைத்துக் காதுக்கு ஏற்றபடி உட்காரவைப்பது, கழன்ற திருகைப் போட்டுக் கொடுப்பது, எழுத்து வரிசையைப் படிக்கச் சொல்லி லென்ஸ் மாற்றி மாற்றிப் போடுவது. அந்த நாட்களில் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியோடு திரும்ப வந்தார். இதைப் போட்டால் தரை பள்ளமாகத் தெரிகிறது, காலை எங்கே வைப்பதென்று புரியவில்லை என்றார். போகப் போகப் பழகிடும் சார் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பழகுவதற்குள் விழுந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அவர் கேட்க, எரிச்சலில் அவரிடம் சுள்ளென்று விழுந்துவிட்டேன். கடை முதலாளி எட்டிப் பார்த்தார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு படியைத் தடவித் தடவி இறங்கினார். ஏற்கெனவே இருக்கிற பாவம் போதாதென்று இது வேறு.

வீட்டில் அண்ணி சண்டை போட்டிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், ஒரு பாத்திரத்தை 'ணங்' என்று வைத்திருந்தால், நானும் பதிலுக்கு வைத்திருப்பேன். அவரோ எங்கள் பயணத்துக்கு என்னைவிட மும்முரமாகத் தயாரானார். பிள்ளைகளின் தொப்பி காற்றில் பறக்காமலிருக்க எலாஸ்டிக் தைத்தார். வெயிலில் ஏறும் இடத்துக்கு எந்தச் செருப்பு, குளிர்ந்தால் எந்தச் சட்டை என்று எடுத்து வைத்தார். அதோடு எனக்கு வகுப்பும் எடுத்தார். வாலு புது இடத்தில் பாத்ரூம் போகமாட்டான், கதவுக்கு வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வக்கீலுக்கு வண்டியில் தலை சுற்றும், ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கையில் புத்தகம் கொடுக்காமல் இருக்க வேண்டும். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தால் கோபம் இல்லை, பசி. ஒவ்வொன்றுக்கும் நான் "தெரியும் அண்ணி" என்றேன். ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இவ்வளவு விஷயம் என் வீட்டுக்குள்ளேயே, என் வயிற்றில் பிறந்ததுகளிடம் இருந்திருக்கிறது.

தாங்க முடியாமல் ஒரு நாள் கடைக்கு முன்னதாகவே கிளம்பி பேக்கரிக்குப் போனேன். அண்ணி தலையில் வெள்ளைத் துணித் தொப்பி மாட்டிக்கொண்டு ரொட்டி வெட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அது கடகடவென்று போட்ட சத்தத்தில் நான் என் பேச்சை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. வாங்குகிறவர்கள் போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். கூட்டம் குறைந்ததும் சொன்னேன்.

"அண்ணி, நீங்களும் வாங்க. இன்னொரு சீட்டு கிடைக்குதான்னு பார்க்கச் சொல்றேன்."

அவர் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் வைத்து, நாலு பக்கமும் மடித்து, நூல் சுற்றினார். "விருந்தாளியைத்தாம்மா வாங்கன்னு கூப்பிடுவாங்க" என்றார். "வீட்டு ஆளை யாரு கூப்பிடுவா? கிளம்புன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

குரலில் கோபமில்லை. அந்த நூலுக்கு ஒரு முடிச்சுப் போடும் கவனம்தான் இருந்தது. லீவு இல்லையே, விடு என்று அவரே பேச்சை முடிக்கப் பார்த்தார். பின்னால் அடுப்புப் பக்கம் நின்றிருந்த பேக்கரிக்காரர் அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, லீவு வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், நான் எப்போது வேண்டாம் என்றேன் என்று சத்தமாகச் சொன்னார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேட்காத ஒரு ரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டுக்காரரை ஏதோ ஆஸ்பத்திரி லிப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டுவிட்டார்கள். நான் பால்கனியில் ஈரத்துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கோட்டை விளையாட்டு என்று நினைத்துக் காதில் வாங்காமல்தான் இருந்தேன். அப்போது அண்ணி வாலுவிடம் கேட்டது காதில் விழுந்தது.

"அங்கே கூட்டத்துல பயமா இருந்தா யாரைக் கூப்பிடுவே?"

"அத்தையை" என்றான் அவன். யோசிக்கவே இல்லை.

அத்தை அங்கே இருக்க மாட்டேனே, அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று அண்ணி சொல்லிக்கொடுத்தார். எங்கே, கூப்பிட்டுக் காட்டு என்றார். அவன் முனகலாக அம்மா என்றான். இப்படிக் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிற எலிக்குக்கூடக் கேட்காது, கோட்டை பெரிசு என்று அண்ணி சொல்ல, அவன் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டான். வக்கீல் சிரித்துக்கொண்டே பத்துக்கு நாலு மார்க் போட்டாள். திரும்பக் கூப்பிடச் சொன்னார்கள். என் பிள்ளைக்கு என்னைக் கூப்பிடப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. என் கையில் இருந்த ஈரச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் நனைந்தது.

அப்படியே உள்ளே போனேன். வாலு என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். "நீ ஏம்மா வந்தே? நாங்க விளையாடிட்டு இருக்கோம்" என்றான்.

அது குழந்தை பேசுகிற பேச்சு. அவனுக்கு ஒரு கள்ளமும் இல்லை. ஆனாலும் கதவு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மேசையில் அண்ணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம்தான் முழுசாகத் தெரிந்தது. இதற்கு மேல் ஒரு நாள்கூட இந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிய என்னால் முடியாது என்று தோன்றியது. அட்டைப்பெட்டி மதிலுக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னேன்.

"அத்தைக்கு லீவு இருக்கு. நான்தான் அவங்களைக் கூட்டிட்டுப் போக வேணாம்னு நினைச்சேன்."

சொன்னதும் பெரிய நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகள் என்னைத் திட்டட்டும், வெறுக்கட்டும், பரவாயில்லை என்று தயாராகத்தான் இருந்தேன். நான் எதிர்பார்க்காத பக்கம் வக்கீல் திரும்பினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

"அத்தை, அப்போ நீங்க பொய் சொன்னீங்களா?"

அண்ணியின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் பொய் சொல்லக் கூடாது என்ற சட்டம் போட்டவர் அவர்தான். ஒடிந்த பென்சிலிலிருந்து உடைந்த ஜாடிவரை, உண்மையைச் சொன்னால் அடி இல்லை என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்து கொடுத்தவர். ஆமாம், சொன்னேன் என்றார், வாய்க்குள். ஏன் என்றாள் வக்கீல். அவளுக்கு உதடு துடித்தது. காரணத்தைச் சொன்னால் மறுபடி என் தலைதான் உருளும். அதற்கும் அண்ணி தயங்கினார்.

வக்கீல் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அண்ணி எழுந்தார். ஒரு பெட்டி சரிந்தது. அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"யார் உன்னைக் கேட்டா? உன் பாரத்தை இறக்கணும்னா என் தலையிலதான் இறக்கணுமா? ஆசைப்பட்டது தப்பே இல்லை. பிள்ளைங்களோட மூணு நாள் தனியா இருக்கணும் அண்ணின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே பெட்டி கட்டி அனுப்பியிருப்பேன். சொல்லலையே நீ. என்னைத் தாண்டிப் போயிட்டே."

பிள்ளைகளும் அவரும் படுக்கிற அறைக்குள் தனியாகப் போனார். அந்த அறைக் கதவை யாரும் மூடியதில்லை. பின்னால் இருக்கிற கொக்கிகளில் துணி தாங்குவதுதான் அந்தக் கதவுக்கு வேலை. அதை இழுத்துச் சாத்தினார். வாலு ஓடிப்போய்த் தட்டினான். அத்தை, அத்தை என்றான். காலால் உதைத்தான். திறக்கவில்லை. அவனுக்கு இது புரியவில்லை. அத்தை திறக்காத கதவு என்று ஒன்று இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. ஓவென்று அழ ஆரம்பித்தான்.

வேறு யாரும் இல்லாததால் என்னிடம் வந்தான். மடியில் ஏறினான். தூக்கினேன், தட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், அந்த ஊரில் நிஜப் பீரங்கி இருக்கும் என்றேன், குதிரை இருக்கும் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அழுகை ஒரு படி ஏறியது. விக்கல் வந்துவிட்டது, முகம் சிவந்துவிட்டது. நான் ஆசைப்பட்டது இதுதானே? என் பிள்ளை என் மடியில், நடுவில் யாரும் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெற்ற எனக்குத் தெரியவில்லை. வெட்கம், மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, இவன் நிறுத்த மாட்டேங்கறான். எனக்குத் தெரியல அண்ணி. என்ன பண்ணணும்?"

வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு இது வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். பிறகு கதவுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"எதுவும் பேசாதே. முதுகை மேலேருந்து கீழே தடவிக்கிட்டே இரு. அதுக்கு முன்னாடி நீ அழறதை நிறுத்து. நீ நிறுத்தினாத்தான் அவன் நிறுத்துவான்."

நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவன் முதுகைத் தடவ ஆரம்பித்தேன். கதவு மூடியே இருந்தது.